பதினேழு சான்றிதழும் ஒரு நல்லூர்த் திருவிழாவும்

2022 டிசம்பர் கடைசியில் ஒரு பின்னேரம். கோண்டாவிலில் இருந்து ஸ்கூட்டியில் வந்த ஒரு தங்கச்சி என் மேசையில் தடித்த ஃபைல் ஒன்றை வைத்தார். உள்ளே பிளாஸ்டிக் உறைகளில் பதினேழு இணையவழிச் சான்றிதழ்கள், எல்லாம் கலரில் அச்சடித்தவை, இரண்டு லமினேட் செய்தவை. பென்சில்வேனியா, மிச்சிகன், யேல், கூகுள் என்று மேலே பெரிய பெயர்கள்.

"அண்ணை, நாலு இடத்துக்குப் போட்டன். நாலும் இல்லையெண்டு வந்திட்டுது. இவ்வளவும் செய்தும் ஏன் எடுக்கேல்லை?"

நான் பத்தொன்பது வருடம் வங்கியொன்றின் கடன் பிரிவில் இருந்தவன். இப்போது பின்னேரங்களில் கணக்கியல் படிப்பிக்கிறேன். வெளிநாட்டு எம்.பி.ஏ.க்கும் முகாமைத்துவ முதுமாணிக்கும் விண்ணப்பிக்கிற பிள்ளைகள் கோப்பைக் கொண்டுவந்து காட்டுவார்கள், பார்த்துச் சொல்வேன். அதற்குக் காசு வாங்குவதில்லை, பனங்காய்ப் பணியாரம் வாங்குவதுண்டு. இந்தக் கோப்பைப் பற்றி எழுத அந்தத் தங்கச்சியிடம் அனுமதி கேட்டபோது, தன் பெயரும் வேலைத்தலமும் விண்ணப்பித்த இடங்களும் வராவிட்டால் சரி என்றார். ஆகவே வரா.

கோப்பில் இருந்தவை

வணிகமாணிப் பட்டம், இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு. ஆங்கிலம் நன்றாக வரும், ஐ.ஈ.எல்.ரி.எஸ்.இல் 7. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் பிஸ்கட், சோடா, சவர்க்காரம் விநியோகிக்கும் ஏஜென்சி ஒன்றில் நாலு வருட வேலை. களஞ்சியக் கையிருப்பைப் பார்ப்பதும், கொழும்புக்கு ஓடர் அனுப்புவதும், லொறி வரும்போது எண்ணி எடுப்பதும் இவர் பொறுப்பு.

பெறுபேற்றுப் பத்திரத்தைத் திருப்பினால் இரண்டு இடங்களில் கண் நிற்கும். வணிகப் புள்ளிவிபரவியலில் சி, வணிகக் கணிதத்தில் சி மைனஸ். அந்த வருடம் அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை, இவர் பாதி நாள் ஆஸ்பத்திரியில் நின்றார். அது விண்ணப்பத்தில் எங்கும் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "சாட்டுச் சொல்லுற மாதிரி இருக்குமெண்டு விட்டிட்டன்" என்றார்.

வணிகப் பள்ளிகள் கேட்கும் நுழைவுப் பரீட்சையான ஜிமாட்டும் எழுதவில்லை. அதற்கு விலக்குக் கொடுக்கும் இடங்களாகத் தேடிப் போட்டிருந்தார். பரீட்சைக்குப் பதிலாகச் சான்றிதழ்கள் நிற்கும் என்பது அவர் கணக்கு.

சான்றிதழ்களில் பாதிக்கு மேல் 2020 ஊரடங்கில் எடுத்தவை. தலைமைத்துவம், பேச்சுவார்த்தை நடத்துவது, டிஜிட்டல் மார்க்கெட்டிங், மகிழ்ச்சி பற்றி ஒன்று, தனிநபர் நிதி பற்றி ஒன்று. நிதியுதவிக்கு விண்ணப்பித்து எடுத்ததால் செலவு பெரிதில்லை. 2022இல் எடுத்தவற்றின் கதை வேறு. அந்த மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபின் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. அந்த நாட்களில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து விடியற்காலை இரண்டு மணிக்கு எழும்பி காணொளி பார்த்து முடித்த சான்றிதழ்கள் ஆறு. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சான்றிதழில் விடியற்காலை இரண்டு மணி தெரியாது.

வாசிப்பவர் எதைத் தேடுகிறார்

கடன் கோப்பு வாசித்துப் பழகியவனுக்கு இது ஓரளவு தெரிந்த விஷயம். கடன் கேட்டு வருபவர் பதினேழு பாராட்டுப் பத்திரம் வைத்தாலும், தவணை கட்டுவாரா என்ற சந்தேகத்தைத் தீர்க்கும் ஒரு தாளைத்தான் கை தேடும். வணிகப் பள்ளியின் அனுமதிக் குழுவும் அப்படித்தான். பெறுபேற்றுப் பத்திரம், ஜிமாட் அல்லது ஜி.ஆர்.ஈ., கட்டுரை, சிபாரிசுக் கடிதம், வேலை அனுபவம், நேர்முகம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒவ்வொரு கோப்பிலும் ஒரு சந்தேகம் எழும்பும். இவருடைய கோப்பில் அது, இலக்கங்களோடு மாரடிக்க இவரால் முடியுமா என்பது. பதினேழில் பதினாறு சான்றிதழ் அந்தச் சந்தேகத்தின் பக்கமே போகவில்லை. நிதிக் கணக்கியல் ஒன்று மட்டும் கொஞ்சம் கிட்டப் போனது.

இன்னொரு கஷ்டமும் உண்டு. காணொளியைப் பார்த்து, ஐந்து கேள்வி வினாடி வினாவைத் திரும்பத் திரும்ப முயன்று முடித்ததற்கும், நேரம் குறித்து, அடையாள அட்டை காட்டி, புள்ளி விழும் பரீட்சை எழுதியதற்கும் பெரிய வித்தியாசம். இரண்டுக்கும் வருவது ஒரே மாதிரியான பி.டி.எஃப். தான். வாசிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். பட்டத்தில் கணிதம் பலவீனமாக இருந்தால் புள்ளியிடப்படும் கணிதமோ புள்ளிவிபரவியலோ கணக்கியலோ ஒன்றை எடுத்துக் காட்டு என்பது அமெரிக்க வணிகப் பள்ளிகள் காலாகாலமாகச் சொல்லும் ஆலோசனை. அதில் கனமான சொல் 'புள்ளியிடப்படும்' என்பது.

மணித்தியாலக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். படிப்புகளை மட்டம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு திறமை அலகு என்பது 50 மணித்தியாலப் படிப்பு. பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணிக்கு, அதாவது ஒன்பதாம் மட்டத்துக்கு, 30 அலகு, 1,500 மணித்தியாலம். இவருடைய பதினேழையும் சான்றிதழில் போட்ட மணித்தியாலப்படி கூட்டினால் 260 வந்தது. ஐந்து அலகு. ஒரு பட்டப்பின் படிப்பின் ஒரு பாடத்துக்குக் கொஞ்சம் மேல். தங்கச்சி அந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே போனேன்.

எல்லாம் ஒரு குடும்பமில்லை

இணையவழிச் சான்றிதழ் என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் வரும் குழப்பம் பெரியது. இணையத்தில் பாடம் நடத்தும் தளங்களான கோர்செராவும் எட்எக்ஸும் தொடங்கியது 2012இல். அதன்பின் வந்தவை பல சாதி.

ஹார்வர்ட் வணிகப் பள்ளி 2014இல் 'கோர்' என்றொரு தொகுப்பைத் தொடங்கியது. வணிகப் பகுப்பாய்வு, முகாமையாளருக்கான பொருளியல், நிதிக் கணக்கியல் என மூன்று பாடம், ஏறத்தாழ 150 மணித்தியாலம், கடைசியில் பரீட்சை. எம்.பி.ஏ. தொடங்குமுன் எண்கணித அடித்தளம் இல்லாதவர்களை அந்த மட்டத்துக்குக் கொண்டுவருவது அதன் வேலை. அதை முடித்தால் ஹார்வர்ட் எம்.பி.ஏ.க்குள் விடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் குறைந்தது இரண்டு பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒரு வழி இல்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகம் 2015இல் அறிவித்த மைக்ரோமாஸ்டர்ஸ் வேறு சாதி. வழங்கல் சங்கிலி முகாமைத்துவத்தில், அதாவது சரக்கு செய்யும் இடத்தில் இருந்து கடை வரை போவதை நடத்தும் படிப்பில், ஐந்து பாடமும் ஒரு முழுமைப் பரீட்சையும் முடித்தவர், தேர்வானால், எம்.ஐ.ரி.யின் முதுமாணியை முழுக்காலமும் அங்கே இருக்காமல் ஒரு அரையாண்டு மட்டும் நேரில் போய் முடிக்கலாம். வேறு சில பல்கலைக்கழகங்களும் அதற்குத் திறமை அலகு கொடுக்கின்றன. தேர்வானால் என்ற சொல்லை மறந்துவிட்டுக் கனவு காண்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் இன்னும் ஒரு படி மேலே போனது. கோர்செரா ஊடாக நடத்தும் சில முதுமாணிகளுக்கு, பொறியியல் முகாமைத்துவம் உட்பட, பழைய பெறுபேற்றுப் பத்திரமே கேட்பதில்லை. நுழைவுப் பாடங்களைத் திறமை அலகுக்காக எடுத்து, குறித்த தரத்தோடு சித்தியடைந்தால் அனுமதி. அங்கே சான்றிதழ்தான் வாசல். மற்ற இடங்களில் வாசலுக்கு வெளியே வைக்கும் கோலம் மாதிரி, இருந்தால் நல்லது, அதைப் பார்த்து யாரும் கதவைத் திறப்பதில்லை.

இலினோய் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரி கோர்செரா வழி எம்.பி.ஏ.யை 2016இல் தொடங்கி, 2019இல் நேரில் நடத்திய முழுநேர எம்.பி.ஏ.க்குப் புதியவர்களை எடுப்பதை நிறுத்தப்போவதாகவே அறிவித்தது. இணையவழிப் படிப்பை வணிகப் பள்ளிகள் கீழாகப் பார்க்கின்றன என்று இனிமேல் பொதுவாகச் சொல்ல முடியாது. திறமை அலகும் புள்ளியும் உள்ளதா என்றுதான் பார்க்கிறார்கள்.

உள்ளூரையும் பார்த்தோம். இங்கத்தைய அரச பல்கலைக்கழக எம்.பி.ஏ.க்குப் பட்டம் எந்த மட்டம், எத்தனை வருட அனுபவம், தேர்வுப் பரீட்சை, நேர்முகம் என்று வரிசை போகும். ஒரு பல்கலைக்கழகத்தின் படிவத்தை இரண்டு பேரும் சேர்ந்து நிரப்பினோம். இணையவழிப் படிப்புக்கு ஒரு கட்டம்கூட இல்லை. 'வேறு தகைமைகள்' என்று ஒரு கோடு இருந்தது. பதினேழும் ஒரு கோட்டில் அடங்கவேண்டும்.

2023

ஜனவரியில் முடிவெடுத்தோம். பதினேழில் நிதிக் கணக்கியல் மட்டும் கோப்பில் இருக்கட்டும், மற்றவை வீட்டு அலுமாரிக்குள். புதிதாக எடுப்பது இரண்டே இரண்டு, எம்.ஐ.ரி.யின் அந்த ஐந்தில் முதல் இரண்டு. முதலாவதில் நிகழ்தகவு, பின்னடைவுப் பகுப்பாய்வு (ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறும் என்று கணிப்பது), உத்தம நிலை காண்பது. இரண்டாவதில் சந்தைக் கேள்வியை (டிமாண்ட்) முன்கணிப்பதும் கையிருப்பும். ஒவ்வொன்றும் மூன்று மாதம் அளவில், கிழமைக்குப் பத்து மணித்தியாலம் விழுங்கும். ஐந்தையும் முடிக்கக் காசும் நேரமும் இல்லை. சந்தேகத்தைத் தீர்க்க இரண்டு போதும் என்று நான்தான் சொன்னேன். பிழைத்தால் என் தலையில்தான் விடியும் என்ற பயமும் இருந்தது.

முதல் பாடத்தின் நடுப்பகுதிப் பரீட்சையில் 61. அழுதுகொண்டு போன் எடுத்தார். கடைசிப் பரீட்சையில் 84.

இதற்கிடையில் ஏஜென்சியில் ஒரு விஷயம் நடந்தது. அதை இவர் எனக்குச் சொன்னதே தற்செயலாகத்தான்.

கொழும்புத் தலைமை அலுவலகத்தின் ஓடர் தாள், போன வருடம் இதே மாதம் எவ்வளவு விற்றது என்று பார்த்து, அதில் கொஞ்சம் கூட்டி இந்த மாதத்துக்குப் போடும். மற்ற ஊர்களுக்கு அது சரி. யாழ்ப்பாணத்தில் சோடாவும் பிஸ்கட்டும் உச்சத்துக்குப் போவது நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவின் இருபத்தைந்து நாளும். நல்லூரின் கொடி ஆங்கில மாதம் பார்த்து ஏறுவதில்லை, ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் ஏறும். 2018இல் ஓகஸ்ட் 16, 2019இல் ஓகஸ்ட் 6, 2022இல் ஓகஸ்ட் 2. 2023இல் ஆடியில் இரண்டு அமாவாசை வந்து, இரண்டாவதை வைத்துக் கொடியேற்றம் ஓகஸ்ட் 21க்குப் போனது, தேர் செப்டெம்பர் 13இல். ஓடர் தாள் என்ன செய்யும்? ஓகஸ்ட் தொடக்கத்தில் சோடாவை மலையாய்க் குவிக்கும். செப்டெம்பரில் தேர் வரும்போது களஞ்சியம் காலி.

இவர் எக்செலில் ஒரு நிரலைப் புதிதாகச் செருகினார். திகதிக்குப் பக்கத்தில், கொடியேற்றத்தில் இருந்து எத்தனையாவது நாள் என்று. கொரோனாக் கட்டுப்பாட்டோடு நடந்த 2020, 2021 திருவிழாக்களை விட்டுவிட்டு, மற்ற மூன்று வருட விற்பனையை அந்த நாள் கணக்கில் அடுக்கினார். ஏப்ரலில் படித்த பின்னடைவுப் பகுப்பாய்வைப் போட்டார். மஞ்சத் திருவிழா, சப்பறம், தேர் எல்லாம் மூன்று வருடத்திலும் ஒரே இடத்தில் மேடாக எழும்பி நின்றன. மாதக் கணக்கில் பார்த்தபோது குழம்பிய குளம் மாதிரி இருந்த தாள் அது. முதலாளிக்குக் காட்டினார். அவர் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எனக்கும் தெரியும் பிள்ளை, கொழும்பில இருக்கிறவைக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை" என்றாராம். சோடாவுக்கும் ஒரு வகைப் பிஸ்கட்டுக்கும் மட்டும் இவர் தாளின்படி ஓடர் போக விட்டார். தேரன்று பக்கத்து ஏஜென்சிக்காரர் இவர்களிடம் வந்து சோடா கடன் கேட்டுப் போனார்.

இதையெல்லாம் ஒக்ரோபரில், கட்டுரையின் மூன்றாவது வரைவைக் கொண்டுவந்த அன்றுதான் சொன்னார். அந்த வரைவில் இது இல்லை. 'சிறு வயதிலிருந்தே தலைமைத்துவத்தில் ஆர்வம்' என்று இருந்தது.

"தங்கச்சி, இதை ஏன் எழுதேல்லை?"

"இது வேலை தானே அண்ணை. சோடா எண்ணுறது."

நாலாவது வரைவு கொடியேற்றத்தில் தொடங்கியது. அப்பாவின் சத்திரசிகிச்சையும் சி மைனஸும் விரும்பினால் மட்டும் எழுதும் மேலதிகக் கட்டுரையில் ஐந்து வரியில் போனது, சாட்டுச் சொல்லாமல், நடந்ததை மட்டும். சிபாரிசுக் கடிதம் ஒன்றை முதலாளி எழுதினார். அவர் எழுதிய ஆங்கிலத்தில் பிழைகள் இருந்தன, சோடாக் கதையும் இருந்தது. திருத்தித் தரட்டுமா என்று முதலாளி கேட்டபோது வேண்டாம் என்றேன்.

டிசம்பரில் ஜிமாட். நவம்பரில்தான் புதிய வடிவம் வந்திருந்தது, 205 முதல் 805 வரை, மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். வீட்டில் இருந்தே எழுதலாம் என்றாலும் மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பி அவ்வளவு காசைப் போட மனம் வரவில்லை. இரவு பஸ்ஸில் கொழும்பு போய் எழுதினார். 575. பெரிய புள்ளி இல்லை. எண்கணிதப் பகுதி 80, அது நல்லது.

இரண்டாம் சுற்று

2024 தொடக்கத்தில் ஐந்து இடம், மூன்று எம்.பி.ஏ., இரண்டு வழங்கல் சங்கிலி முதுமாணி. இரண்டு இடம் இல்லை என்றது, ஒன்று காத்திருப்புப் பட்டியல், ஒரு எம்.பி.ஏ.யும் ஒரு முதுமாணியும் வா என்றன. முதுமாணிக்குப் பாதிக் கட்டணம் விலக்கு.

இதில் சான்றிதழின் பங்கு எவ்வளவு? ஒரு வருடத்தில் நாலு விஷயத்தை மாற்றினோம்: பரீட்சை, பாடம், கட்டுரை, கடிதம். பாதிக் கட்டணத்தை அந்த இரண்டு பாடம்தான் வாங்கித் தந்தது என்று யாராவது சொன்னால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். திறமை அலகாக அவற்றுக்குக் கிடைத்தது பூச்சியம். ஐந்தையும் முழுமைப் பரீட்சையையும் முடிக்காதவருக்கு அந்த முதுமாணி எதையும் கழித்துக் கொடுக்கவில்லை.

ஆனால் நேர்முகத்தை இவர் முடிந்த கையோடு கொப்பியில் எழுதி வைத்திருந்தார், அதை வாசித்திருக்கிறேன். முப்பது நிமிடம். பாடங்களைப் பற்றி வந்தது ஒரேயொரு கேள்வி: அதில் எந்த இடத்தில் சறுக்கினாய்? இவர் அந்த 61ஐச் சொன்னார், எதனால் என்றும் சொன்னார். அப்புறம் பாதி நேரத்துக்கு மேல் நல்லூர். திருவிழா இல்லாத மாதங்களுக்கும் அந்தத் தாள் பொருந்துமா, தைப்பொங்கலுக்கு என்ன செய்வாய், மூன்று வருடத் தரவு போதுமா என்று குடைந்திருக்கிறார்கள். மூன்று வருடம் போதாது என்றுதான் இவர் பதில் சொன்னார், ஏன் போதாது என்று பாடத்தில் படித்த சொற்களாலேயே சொன்னார். அந்தச் சொற்கள் வாயில் வந்ததுதான் என் கணக்கில் அந்தப் பாடங்கள் செய்த வேலை. முதல் சுற்றிலும் இவர் அதே களஞ்சியத்தில் அதே சோடாவை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

ஒருவேளை பதினேழும் இல்லாமல் நேரே அந்த இரண்டையும் எடுத்திருந்தால்? இதை அவரிடமே கேட்டேன். பதினேழு இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் காது வந்திருக்காது என்றார். அது நான் யோசிக்காத பதில்.

பெயர்

கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. அனுமதிக் கடிதம் நிபந்தனையோடுதான் வந்தது: இணையவழிச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் இணைப்பு வேண்டும், பெயர் கடவுச்சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். எம்.ஐ.ரி. பாடங்களுக்கு அடையாளச் சரிபார்ப்பு செய்திருந்ததால் அது பிரச்சினையில்லை. 2020இல் எடுத்த நிதிக் கணக்கியலில் இருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர். ஊரடங்கில் கணக்குத் திறக்கும்போது யார் யோசித்தார்கள்? உதவிப் பிரிவுக்குக் கடவுச்சீட்டின் படத்தை அனுப்பி, மூன்று மின்னஞ்சல் எழுதி, பெயரை மாற்றிப் புதுச் சான்றிதழ் எடுக்கப் பன்னிரண்டு நாள் போனது. இங்கிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நான் இப்போது முதலில் சொல்வது இதைத்தான். எந்தத் தளத்திலும் கணக்குத் திறக்கும் முதல் நாளே கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைப் போடுங்கள், எழுத்துக்கு எழுத்து.

போட்டாலும் முழுக்கத் தப்ப முடியாது. எங்கள் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு முன்னுக்கு வருவதுதான் ஆளின் பெயர். நிபந்தனை நீங்கிய இறுதிக் கடிதம் ஜூன் மாதம் வந்தபோது தங்கச்சி அதை அச்சடித்து அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். அவர் கண்ணாடியைப் போட்டு, முதல் வரியில் 'அன்புள்ள' என்பதற்குப் பக்கத்தில் தன் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினாராம்: "இஞ்ச பார், எனக்கெல்லோ இடம் கிடைச்சிருக்கு!"